வான் பாஸ்டனின் கணுக்காலில் என்னதான் நடந்தது?

நெதர்லாந்தின் ஸ்டிரைக்கர் மார்கோ வான் பாஸ்டன் பேச்சு வந்தால் கால்பந்து பார்க்கிறவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, 1988 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) பைனலில் ஏறக்குறைய கோணமே இல்லாத இடத்திலிருந்து, பந்து தரையில் விழும் முன்பே அவர் அடித்த அந்த வாலி. இன்னொன்று, இத்தாலியில் டிஃபெண்டர்கள் பின்னாலிருந்து வெட்டி வெட்டியே அவர் காலை ஒழித்துக்கட்டிவிட்டார்கள் என்பது. முதலாவதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. இரண்டாவது பாதி உண்மைதான், அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் அவருக்கு நடந்தது புரியாமலே போய்விடும்.

கடைசிப் போட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 28. ஓய்வை அறிவித்தபோது 30. நடுவில் இருந்த இரண்டு வருடத்துக்கும் மேலான காலத்தில் ஒரு போட்டி கூட ஆடவில்லை, ஆபரேஷன், ஓய்வு, நடைப் பயிற்சி, மறுபடி வலி என்றே போயிற்று. ஸ்டிரைக்கருக்கு 28 என்பது உடலும் அனுபவமும் ஒன்றாகச் சேர்கிற வயது. அந்த வயதில் அவர் நின்றுபோனார். ஆனால் கால் கெட ஆரம்பித்தது 22 வயதில், இத்தாலிக்குப் போவதற்கு முன்பே, அதுவும் வேறு யாரும் அடித்து இல்லை.

1986 டிசம்பர். வான் பாஸ்டன் அப்போது ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணியில் இருக்கிறார். 1982-ல் 17 வயதுப் பையனாக முதல் முறை மைதானத்தில் இறங்கியபோது அவர் யாருக்குப் பதிலாக இறங்கினார் தெரியுமா, நெதர்லாந்தின் மிகப் பெரிய ஆட்டக்காரரான யோஹான் க்ரைஃப்புக்குப் பதிலாக. அன்றைக்கே ஒரு கோலும் போட்டார். 1985-86 சீசனில் 26 லீக் ஆட்டத்தில் 37 கோல், அதற்கு ஐரோப்பாவின் தங்கக் காலணி விருது. இப்படி உச்சியில் இருக்கும்போது க்ரோனிங்கன் அணியோடு ஒரு சாதாரண லீக் ஆட்டம். அதில் எதிரணியின் எட்வின் ஓல்டே ரிகெரிங்க் மீது வான் பாஸ்டனே ஒரு டேக்கிளுக்கு, அதாவது காலை நீட்டிப் பந்தைப் பறிக்க, போனார். அடி வாங்கியவர் எழுந்துவிட்டார், அடிக்கப் போனவரின் கணுக்கால் மடங்கியது. ஆரம்பம் அதுதான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் "எலும்பு உடையவில்லை" என்ற சொல்தான் இந்தக் கதையில் பெரிய சேதத்தைச் செய்தது என்று நான் நினைக்கிறேன். கால் பிசகி வீங்கினால் நம் வீடுகளிலும் முதலில் கேட்பது அதைத்தானே, எலும்பு உடைஞ்சிருக்கா? இல்லை என்றால் எல்லோருக்கும் மூச்சு வந்துவிடும், வெறும் சுளுக்கு, எண்ணெய் தடவி உருவி விட்டால் சரியாகிவிடும் என்று. ஆனால் கணுக்காலில் எலும்பைவிடப் பயப்பட வேண்டியது எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. வழவழவென்று இருக்கும் ஒரு மெல்லிய பூச்சு அது, கணுக்காலில் அதன் தடிமன் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர்தான். எக்ஸ்ரேயில் அது தெரியாது. எம்ஆர்ஐ ஸ்கேன் என்பது 1986-ல் இப்போதுபோல விளையாட்டு வீரருக்கு மறுநாளே எடுக்கிற சமாச்சாரமும் இல்லை.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற திரவம் ஊறி ஊறித்தான் அதற்குச் சாப்பாடு. தோல் கிழிந்தால் சேர்ந்துவிடும், எலும்பு முறிந்தால் ஒட்டிவிடும், ஏனென்றால் அங்கே ரத்தம் வந்து பழுது பார்க்கிறது. குருத்தெலும்பில் கீறல் விழுந்தால் அது கீறலாகவே இருக்கும், மிஞ்சிப்போனால் தரம் குறைந்த ஒரு நார்ப்பொருள் அந்த இடத்தை நிரப்பும். இன்னொன்று, அதற்கு நரம்பும் கிடையாது. அதனால் அது தேய ஆரம்பிக்கும்போது அதுவாக வலிப்பதில்லை. கீழே இருக்கிற எலும்பு வரை தேய்ந்து, சுற்றியிருக்கிற சவ்வு வீங்கி, அப்புறம்தான் வலி சரியாகத் தலைகாட்டும். வலி நன்றாகத் தெரிகிற நேரத்தில் போனது போயிருக்கும்.

கணுக்காலின் அமைப்பும் இதில் சேர்கிறது. காலின் இரண்டு எலும்புகள் சேர்ந்து ஒரு பொளி (மரத்தில் செதுக்கிய குழி) போல நிற்க, அதற்குள் தாலஸ் என்ற எலும்பு கூர் செருகியதுபோல உட்கார்ந்திருக்கிறது. தச்சு வேலை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும், கூர் இறுக்கமாக இருக்கும் வரை கட்டில் ஆடாது, துளி லூஸானால் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் மரம் மரத்தைத் தின்னும். தாலஸ் 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினாலே மூட்டுக்குள் எலும்புகள் தொடும் பரப்பு சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று 1976-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதே உடல் எடையைக் குறைந்த பரப்பு தாங்க வேண்டும். அந்தத் தாலஸை இடத்தில் பிடித்து வைத்திருப்பவை பக்கத்து லிகமென்ட்கள் (எலும்பை எலும்போடு கட்டும் நார்கள்), சுளுக்கில் முதலில் நைந்துபோகிறவையும் அவைதான். முழங்காலிலும் இடுப்பிலும் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் வயதால் வருகிறது, கணுக்காலில் மட்டும் பெரும்பாலும் பழைய அடியால்தான் வருகிறது. இருபது வயதுக்காரருக்குக் கிழவரின் மூட்டு வர வேண்டுமென்றால் கணுக்காலில் அடிபட்டு, ஆறவிடாமல் ஆடினால் போதும்.

வான் பாஸ்டன் ஆடினார். அயாக்ஸ் அந்த வருடம் கப் வின்னர்ஸ் கப்பில், அதாவது ஐரோப்பிய நாடுகளில் உள்நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்கள் மோதும் போட்டியில், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. 1973-க்குப் பிறகு அந்த மாதிரி ஒரு கோப்பை அந்த கிளப்புக்கு வந்திருக்கவில்லை. பயிற்சியாளர் வேறு யாருமில்லை, க்ரைஃப்தான். பயிற்சியைக் குறைத்துக்கொள், சில லீக் ஆட்டங்களை விட்டுவிடலாம், ஆனால் ஐரோப்பிய ஆட்டங்களில் நீ இருக்க வேண்டும் என்பது அவர் செய்துகொண்ட ஏற்பாடு. இதைவிட மோசமாகாது என்று மருத்துவத் தரப்பிலிருந்து வந்த பேச்சு அதற்குத் தைரியம் கொடுத்தது. 1987 மே மாதம் ஏதென்ஸில் பைனல். லோகோமோட்டிவ் லைப்ஸிக்கை 1-0 என்று வென்றார்கள், அந்த ஒரு கோல் வான் பாஸ்டன் தலையால் அடித்தது, கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியதும் அவர்தான்.

க்ரைஃப்பை வில்லன் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அவரே டேக்கிள்களுக்கு நடுவில் வளர்ந்த ஆட்டக்காரர், அந்தக் காலத்து மைதானத்தில் வலியோடு ஆடுவது என்பது தினசரி. வான் பாஸ்டனுக்கோ வயது 22, சிறுவயதிலிருந்து பார்த்துப் பிரமித்த மனிதர் கேட்கும்போது எந்த 22 வயதுக்காரன் முடியாது என்பான்? ஆனால் யாரையும் குற்றவாளி ஆக்காவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். லூஸான கூரின் மேல் ஆறு மாதம் பாரம் ஏற்றினார்கள்.

அந்தக் கோடையில் இத்தாலியின் ஏசி மிலனுக்குப் போனார். முதல் சீசனிலேயே, 1987 நவம்பரில், ஆபரேஷன். லீக்கில் மொத்தம் 11 ஆட்டம்தான் ஆட முடிந்தது. திரும்பி வந்து 1988 மே 1 அன்று மரடோனாவின் நேப்போலியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் போட்டார், மிலன் லீக்கை வென்றது. அடுத்த மாதம் யூரோ. முதல் ஆட்டத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சட்டை எண் 12. இரண்டாவது ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக். அரையிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 88-வது நிமிடத்தில் வெற்றி கோல். பிறகு ஜூன் 25, மியூனிக் ஒலிம்பிக் மைதானம், சோவியத் யூனியன், 54-வது நிமிடம். இடது பக்கத்திலிருந்து அர்னால்ட் முரன் உயரத் தூக்கிப் போட்ட பந்து, வலது ஓரத்தில் வான் பாஸ்டன், தரையில் விழும் முன்பே அடித்தார், உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான தசாயேவின் தலைக்கு மேலே போய் வலைக்குள் இறங்கியது. ஆபரேஷன் முடிந்து சில மாதங்களே ஆன கால்களோடு வந்தவர் அதைச் செய்தார் என்பதைத் தெரிந்துகொண்டு ஒரு முறை அந்த வீடியோவைப் பாருங்கள். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை, இப்போதெல்லாம் பந்தை விட்டுவிட்டு அவர் கால் தரையிறங்குவதைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் வந்த நான்கைந்து வருடங்களை எண்களில் சொன்னால் போதும். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது மூன்று முறை, 1988, 1989, 1992. ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இரண்டு, அதில் 1989 பைனலில் ஸ்டெயாவா அணிக்கு எதிராக இரண்டு கோல். 1991-92-ல் மிலன் ஒரு தோல்வி கூட இல்லாமல் லீக்கை வென்றபோது 25 கோல்களோடு முதலிடம். மிலனுக்காக மொத்தம் 201 ஆட்டம், 125 கோல். நெதர்லாந்துக்காக 58 ஆட்டம், 24 கோல். 1990 உலகக் கோப்பையில் மட்டும் ஒரு கோல் கூட இல்லை, அவர் ஆடிய ஒரே உலகக் கோப்பை அதுதான்.

டிஃபெண்டர்கள் பங்கு என்ன என்றால், நிறைய இருக்கிறது. அன்றைய இத்தாலிய லீக்கில் ஒரு ஸ்டிரைக்கரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு 90 நிமிடமும் நடப்பதற்கென்றே ஆள் இருந்தார்கள். 1.88 மீட்டர் உயரக்காரர், கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கித் திரும்புவது அவர் பாணி, அதாவது அவர் பார்க்க முடியாத பக்கத்திலிருந்துதான் கால் வரும். நல்ல மூட்டுள்ளவருக்கு அது காயம், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் மூட்டுக்கு அது மேலும் ஒரு தேய்ப்பு. போதாக்குறைக்குப் பந்தை உதைப்பதே கணுக்காலின் முன்பக்கத்தில் எலும்பு முள் வளர வைக்கும், மருத்துவர்கள் அதற்கு ஃபுட்பாலர்ஸ் ஆங்கிள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக மூன்றும் சேர்ந்தது: ஆறாத பழைய அடி, தொழில் தருகிற தேய்மானம், பின்னாலிருந்து வரும் கால்.

1992 இலையுதிர் காலம்தான் எனக்கு மிகவும் வேதனையான பகுதி, ஏனென்றால் அவர் அவ்வளவு அழகாக ஆடிக்கொண்டிருந்தார். நவம்பரில் நேப்போலிக்கு எதிராக நான்கு கோல். அதே மாதம் 25-ம் தேதி சாம்பியன்ஸ் லீக்கில் கோதன்பர்க் அணிக்கு எதிராக மறுபடி நான்கு கோல், அதில் ஒன்று பின்னோக்கி விழுந்து அடித்த பைசிக்கிள் கிக். டிசம்பரில் மூன்றாவது பலோன் தோர். அதே டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் கணுக்காலில் இன்னொரு ஆபரேஷன். உள்ளே இருக்கிற வேண்டாததைச் சுத்தம் செய்துவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் போனார்.

சீக்கிரம் திரும்ப வேண்டிய நெருக்கடி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த சீசனில் மிலனிடம் ஆறு வெளிநாட்டு வீரர்கள் இருந்தார்கள்: வான் பாஸ்டன், குல்லிட், ரைக்கார்ட், பாபின், போபன், சாவிசெவிச். அன்றைய விதிப்படி ஓர் ஆட்டத்தில் மூன்று வெளிநாட்டவரைத்தான் இறக்க முடியும். பலோன் தோர் வென்றவர்களே கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். அப்படிப்பட்ட அணியில் முழுதாகக் குணமாகட்டும், அடுத்த சீசன் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வீரன் தானாகச் சொல்வது நடக்கிற காரியமில்லை. ஏப்ரல் கடைசியில் திரும்பினார், அன்கோனா அணிக்கு எதிராக ஒரு கோல் போட்டார். மிலனுக்காக அதுதான் கடைசி கோல்.

1993 மே 26, சாம்பியன்ஸ் லீக் பைனல், எதிரே பிரான்ஸின் மார்சேய். மைதானம் மியூனிக் ஒலிம்பிக் மைதானம், ஐந்து வருடத்துக்கு முன் அந்த வாலியை அடித்த அதே புல்தரை. பசில் போலி என்ற மார்சேய் வீரர் தலையால் அடித்த ஒரே கோலில் மிலன் தோற்றது. ஆட்டம் முடிய சில நிமிடம் இருக்கும்போது வான் பாஸ்டனை வெளியே எடுத்தார்கள். மெல்ல நடந்து போனார். அன்று அரங்கில் இருந்த யாருக்கும் அதுதான் கடைசி என்று தெரியாது, அவருக்கும் தெரியாது.

அடுத்த மாதமே பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் இன்னொரு ஆபரேஷன். 1994 உலகக் கோப்பை போயிற்று. பிறகு இலிசரோவ் கருவி வரை போனார்கள். சைபீரியாவின் குர்கான் ஊரில் இலிசரோவ் என்ற மருத்துவர் உடைந்த எலும்பைச் சேர்க்கவும் எலும்பை நீட்டவும் உருவாக்கிய முறை அது, எலும்பைத் துளைத்துக் கம்பிகளைச் செலுத்தி வெளியே உலோக வளையங்களில் பூட்டுவார்கள். கணுக்காலில் அதைப் போடுவது எதற்கென்றால், உரசிக்கொண்டிருக்கும் இரண்டு எலும்பையும் சில மில்லிமீட்டர் விலக்கிப் பிடித்து, பாரம் இல்லாமல் வைத்தால் குருத்தெலும்பு ஏதாவது தேறாதா என்ற ஆசையில். எட்டு வருடத்துக்கு முன் கொடுத்திருக்க வேண்டிய ஓய்வை இப்போது கம்பி போட்டுக் கொடுத்தார்கள்.

தேறவில்லை. அந்த நாட்களில் இரவில் பாத்ரூமுக்குத் தவழ்ந்து போனதை 2019-ல் வந்த சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். பாதத்தைத் தரையில் வைக்க முடியாது, மனைவி குழந்தைகளை எழுப்பிவிடக் கூடாது என்று சத்தமில்லாமல், முட்டி போட்டு. ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று மூன்று முறை பட்டம் வாங்கியவர்.

ஒரு கேள்வி வரும். பிரேசிலின் ரொனால்டோவும்தான் விழுந்தார், 2000 ஏப்ரலில் இத்தாலியக் கோப்பை பைனலில் இறங்கிய சில நிமிடங்களில் முழங்கால் நார் அறுந்து அலறிய காட்சியைப் பார்த்தவர்கள் எல்லோரும் இனி இவர் அவ்வளவுதான் என்று நினைத்தார்கள், ஆனால் 2002-ல் வந்து எட்டு கோல் போட்டு உலகக் கோப்பையைத் தூக்கினார். அவரால் முடிந்தது இவரால் ஏன் முடியவில்லை? மன உறுதி என்று எழுதுவார்கள், எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, அது வான் பாஸ்டனுக்குச் செய்கிற அநியாயம். ரொனால்டோவுக்கு அறுந்தது தசையை எலும்போடு இணைக்கும் நார். அதைத் தைக்கலாம், நேரம் கொடுத்தால் அது சேரும். அவருக்கு நேரம் கொடுத்தார்கள், ஏறக்குறைய ஒன்றரை வருடம். வான் பாஸ்டனுக்குப் போனது சேராத பொருள். பார்க்கப் பயங்கரமாக இருக்கிற காயம் ஆறக்கூடியதாக இருக்கும், நடந்தே வெளியே போக முடிகிற காயம் ஆறாததாக இருக்கும்.

அவருக்கு நெருக்கமான இணை என்றால் அர்ஜென்டினாவின் பதிஸ்டுடாதான். அவருக்கும் கணுக்கால்கள், வருடக்கணக்காக வலியோடு ஆடினார். ஓய்வு பெற்ற பிறகு வலி தாங்காமல் டாக்டரிடம் போய் கால்களை வெட்டி எடுத்துவிடச் சொன்னதாக அவரே பேட்டியில் சொன்னார். கோல்களைக் கொண்டாடிய நாம் யாரும் இந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.

1995 ஆகஸ்ட் 17 அன்று வான் பாஸ்டன் ஓய்வை அறிவித்தார். மறுநாள் மிலனுக்கும் யுவென்டஸுக்கும் நட்பு ஆட்டம், அது தொடங்கும் முன் சான் சிரோ மைதானத்தில் ஒரு சுற்று வந்தார். ஜெர்சி இல்லை, ஜீன்ஸும் தோல் ஜாக்கெட்டும். கை உயர்த்திக் காட்டிக்கொண்டே மெல்ல ஓடினார். ஓரத்தில் நின்றிருந்த மிலன் பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ, வீரர்களை அதட்டி வேலை வாங்குவதில் பேர் போனவர், அழுதுவிட்டார். இல்லாமல் போய்விட்ட ஒருவனுக்கு ஜனங்கள் கைதட்டுகிறார்கள், அதை நான் பார்க்கிறேன் என்று அந்த நேரத்தில் தோன்றியதாக வான் பாஸ்டன் பின்னாளில் எழுதினார்.

அந்த ஆண்டுகளில் விதியும் மாறியது. 1994 உலகக் கோப்பையில் பின்னாலிருந்து வரும் டேக்கிளுக்குக் கடுமையாக நடந்துகொள்ளும்படி நடுவர்களுக்குச் சொன்னார்கள். 1998-ல் எதிராளிக்கு ஆபத்து உண்டாக்கும் பின்பக்க டேக்கிளைக் கடுமையான தவறாகக் கருதி வெளியே அனுப்ப வேண்டும் என்று விதியிலேயே எழுதினார்கள். வான் பாஸ்டன் ஒருவருக்காக மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயர் வருகிறது. இன்றைய ஸ்டிரைக்கர்கள் 35 வயது தாண்டியும் ஆடுவதில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் இந்த விதி 1986-லேயே இருந்திருந்தாலும் க்ரோனிங்கன் ஆட்டத்தில் நடந்ததைத் தடுத்திருக்காது. அங்கே தேவைப்பட்டது வேறு, இந்த ஆறு மாதம் இந்தப் பையன் ஆடக் கூடாது, கோப்பை போனால் போகட்டும் என்று சொல்ல ஒரு ஆள். இன்று ஸ்கேன் இருக்கிறது, கிளப்பில் டாக்டர் கூட்டமே இருக்கிறது, ஆனால் அந்த டாக்டர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சனிக்கிழமை ஜெயிக்க வேண்டிய கிளப்தான், அந்த ஒன்று மாறவில்லை.

கடைசியில் வலிக்கு ஒரே வழியாக, ஆட்டத்தை விட்ட பிறகு, கணுக்கால் மூட்டை அசையாமல் பூட்டிவிட்டார்கள். எலும்பை எலும்போடு சேர்த்து ஒன்றாக வளர விடுகிற ஆபரேஷன், அதன் பிறகு அந்த மூட்டு மடங்காது, உரசாததால் வலியும் இல்லை. நடக்க முடிந்தது, கோல்ஃப் ஆட முடிந்தது. 2004-ல் நெதர்லாந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனார், நான்கு வருடம் இருந்தார்.

2006 மார்ச்சில் பழைய மிலன் தோழர் டெமெட்ரியோ ஆல்பர்டினிக்கு வழியனுப்பு ஆட்டம் வைத்தார்கள், சான் சிரோவில், எதிரே பார்சிலோனா. வான் பாஸ்டன் மறுபடி மிலன் சட்டையைப் போட்டு இறங்கினார். வயது 41, மடங்காத கணுக்கால். பந்து உயர வந்தது, தலையால் அடித்துக் கோல் போட்டார்.